தத்துவமும் அரசியலும் ஒரே வகுப்பில்: காரைக்கால் கல்லூரிகளுக்கான எங்கள் நிலைப்பாடு

காரைக்காலின் அரசுக் கலைக் கல்லூரிகளில் தத்துவத்தையும் அரசியல் அறிவியலையும் சேர்த்துப் படிக்கும் பட்டப் படிப்பு தொடங்கப்பட வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. இரண்டு பாடங்களைத் தனித்தனியாக நடத்திவிட்டு, அவற்றுக்குள் இருக்கும் உறவை மாணவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விடும் ஏற்பாடு போதாது. ஒரே கேள்வியை இரு துறை ஆசிரியர்களும் சேர்ந்து எடுத்து நடத்தும் வகுப்பு வேண்டும். கல்லூரி ஆசிரியர்கள், பழைய மாணவர்கள், பெற்றோர் எனப் பலர் கூடி நெடுநேரம் விவாதித்து எடுத்த முடிவு இது.

ஏன் காரைக்காலில்? இந்த ஊரின் வரலாறே காரணம்.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் நவம்பர் 1 விடுதலை நாள்; ஆகஸ்ட் 16 சட்டப்படி இணைந்த நாள். இரண்டு தேதிகள் ஏன் என்று கேட்டால் நம் பிள்ளைகளில் பலருக்குப் பதில் தெரியாது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து பிரதிநிதித்துவ சபைக்கும் நகராட்சிகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். இந்தியாவோடு இணைவதற்கு 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவின் கைக்கு மாறியது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்று, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் இணைப்பு சட்டப்படி முழுமையடைந்தது.

இதுவரை அரசியல் வரலாறு சொல்லும். ஆனால் அதே பிரெஞ்சிந்தியாவைச் சேர்ந்த சந்திரநாகூரில், 1949 ஜூன் 19 அன்று, மக்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்தார்கள். அங்கே மக்கள் வாக்கு, இங்கே பிரதிநிதிகள் வாக்கு. எந்த நாட்டோடு சேர்வது என்ற அளவுக்குப் பெரிய முடிவில், மக்களின் சம்மதம் என்று எதைச் சொல்வது? தெருவிளக்கையும் குடிநீரையும் கவனிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி உறுப்பினர், ஒரு தலைமுறையின் குடியுரிமையையே தீர்மானிக்கலாமா? மக்களின் இறைமையைப் பிரதிநிதி ஏந்த முடியாது என்று 1762இல் ரூசோ வாதிட்டார். பிரதிநிதி தம் சொந்த அறிவைப் பயன்படுத்தவே அனுப்பப்படுகிறார் என்று 1774இல் எட்மண்ட் பர்க் வாதிட்டார். கீழூர் ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த இருவரையும் படிக்கும் மாணவருக்கு, ரூசோ தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் பெயராக இருக்க மாட்டார். இப்படிக் கேட்பதால் இணைப்பின் பெருமை குறைந்துவிடாது. அதற்காகப் போராடியவர்கள் எதற்குத் துணிந்தார்கள் என்பது இன்னும் தெளிவாகும்.

கேள்வி பழங்கதையும் அல்ல. நம் சட்டமன்றத்துக்கு மக்கள் தேர்ந்தெடுப்பவர்கள் 30 பேர். 1963ஆம் ஆண்டு ஒன்றியப் பகுதிகள் அரசுச் சட்டப்படி மத்திய அரசு 3 பேர் வரை நியமிக்கலாம். அந்த நியமனத்துக்குப் புதுச்சேரி அமைச்சரவையின் பரிந்துரை தேவையில்லை, நியமன உறுப்பினர்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை அரசியல் அறிவியல் தரும். சட்டம் அப்படி இருப்பது நியாயமா என்று கேட்கத் தத்துவப் பயிற்சி வேண்டும். நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி-திருமலைராயன்பட்டினம் என்று இந்த மாவட்டத்துக்கு இருப்பதே ஐந்து தொகுதிகள். மூன்று வாக்குகளின் எடை என்ன என்பதை நம் மாணவர்கள் சிந்திக்காவிட்டால் வேறு யார் சிந்திப்பார்கள்?

அடுத்தது தண்ணீர். அரசலாறும் நாட்டாறும் திருமலைராஜனாறும் கடலைத் தொடும் கடைமடை இது. மேட்டூரில் திறந்த நீர் நம் வயலுக்கு வந்து சேருமா என்ற கவலையோடுதான் இங்கே நாற்று விடுகிறார்கள். காவிரி நடுவர் மன்றம் 2007இல் மொத்தம் 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டபோது புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. என்றது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 419இலிருந்து 404.25 ஆகக் குறைத்தது. தமிழகத்தின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டு 10, பெங்களூரு உள்ளிட்ட குடிநீர்த் தேவைக்காக 4.75. நம்முடைய 7 அப்படியே நின்றது.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவை நீதி பற்றிய கோட்பாடுகள். முன்பே பயன்படுத்தி வந்தவருக்கு உரிமையா, அதிகம் தேவைப்படுபவருக்கா? 1892, 1924 ஒப்பந்தங்களை அன்றைய ஆட்சியாளர்கள் செய்தார்கள். அவை இன்றைய உழவரைக் கட்டுப்படுத்துமா? நகரத்தின் குடிநீரும் வயலின் குறுவையும் மோதும்போது எது முந்தும்? ஒருவர் தாம் ஆற்றின் தலைமாட்டில் பிறப்பாரா கடைமடையில் பிறப்பாரா என்று தெரியாத நிலையில் எந்தப் பங்கீட்டை ஒப்புக்கொள்வார்? ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டை நம் ஊர்க் கண்ணால் படித்தால் வரும் கேள்வி இது. நடுவர் மன்றத் தீர்ப்பைப் படிக்காமல் ரால்ஸைப் படிப்பதும், ரால்ஸைப் படிக்காமல் தீர்ப்பைப் படிப்பதும் அரைகுறை என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

தத்துவத்தையும் அரசியலையும் பிரிக்காமல் சிந்தித்தவர்கள் நம்மிடையே உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியலோடு தத்துவமும் படித்த அம்பேத்கர், 1936இல் வெளிவந்த சாதி ஒழிப்பு நூலில் தத்துவ அறிஞர் ஜான் டூயியைத் தம் ஆசிரியர் என்று நன்றியோடு குறிப்பிடுகிறார். திருக்குறளில் அறம் 38 அதிகாரம், பொருள் 70 அதிகாரம். அரசைப் பேசும் பகுதி அறத்தைத் தொடர்ந்தே வருகிறது. நமக்கு வடக்கே பூம்புகாரில் பிறந்த கதையான மணிமேகலையில், 29ஆம் காதை பெரும்பாலும் அளவை நூல் பேசுகிறது: எது சரியான அனுமானம், எது போலி. அரசியல் மேடைப் பேச்சைக் கேட்டு எடைபோட நினைக்கும் இளைஞருக்கு இதைவிட நல்ல தமிழ்ப் பாடம் எங்களுக்குத் தெரியவில்லை.

பிரெஞ்சு முறைப் பள்ளியில் இறுதி ஆண்டு மாணவர் தத்துவத் தேர்வில் நான்கு மணி நேரம் எழுத வேண்டும். 1826இல் தொடங்கிய புதுச்சேரியின் பிரெஞ்சுப் பள்ளி இன்றும் அந்த வழியில் நடக்கிறது. அந்த வாய்ப்பு ஒரு சில குடும்பங்களோடு நின்றுவிட்டது. திருமலைராயன்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும், அம்பகரத்தூர் விவசாயக் கூலியின் மகளுக்கும் அது கிடைக்க வேண்டும் என்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டில் 1920இல் தொடங்கிய தத்துவம், அரசியல், பொருளியல் கூட்டுப் படிப்பு பிரிட்டனுக்குப் பல பிரதமர்களைத் தந்தது. ஆளப் பிறந்தவர்களின் பட்டறை என்ற விமர்சனத்தையும் அது சம்பாதித்தது. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆள்பவரைக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்களை உருவாக்கும் படிப்புதான் எங்கள் விருப்பம்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பது நியாயமானது. குடிமைப் பணித் தேர்வில் தத்துவமும் அரசியல் அறிவியலும் விருப்பப் பாடங்களாக உள்ளன. 2013 முதல் அறநெறித் தாள் ஒன்று 250 மதிப்பெண்ணுக்குக் கட்டாயமாக உள்ளது. சட்டம், இதழியல், ஆசிரியப் பணிக்கும் இது வலுவான அடித்தளம். ஆனால் எல்லாரும் ஆட்சியர் ஆகிவிடுவார்கள் என்று பொய் நம்பிக்கை தர மாட்டோம். வகுப்பில் கட்சிச் சண்டை வரும் என்ற அச்சத்தையும் கேட்டோம். தம் கட்சியின் வாதத்தை எதிராளியைவிடக் கடுமையாகச் சோதிக்கக் கற்றுத்தருவதுதான் தத்துவ வகுப்பு. அந்த அச்சத்துக்கு அதுவே மருந்து.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் காலாப்பட்டு வளாகத்தில் இரு துறைகளும் உள்ளன. ஆனால் அது இங்கிருந்து வெகு தூரம். விடுதிக்கு அனுப்ப முடியாத வீட்டுப் பெண்ணுக்கு அந்தத் தூரமே கதவடைப்பு. பல்கலைக்கழகத்தின் காரைக்கால் வளாகம் மேலாண்மை, வணிகம், கணினி ஆகியவற்றைக் கற்பிக்கிறது. சிந்தனைத் துறைகளுக்கும் அங்கே இடம் வேண்டும்.

தொடக்கம் கடினமல்ல. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட வரையறையில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட். அதில் துணைப் பாடத்துக்கு 24. அந்த வரையறையின் பிற அம்சங்கள் பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அந்த 24 கிரெடிட்டில் அரசியல் படிப்பவருக்குத் தத்துவம், மற்றத் துறையினருக்கு இரண்டும் கலந்த தாள்கள் என்று உடனே தொடங்கலாம். தத்துவத்துக்கு நிரந்தர ஆசிரியர் பணியிடம் கட்டாயம். வருகை ஆசிரியரை வைத்துச் சமாளித்தால் இந்தப் படிப்பு இரண்டே ஆண்டில் செத்துவிடும். தேர்வைத் தமிழில் எழுதும் உரிமை வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் மெய்யியலைத் தமிழில் கற்பித்துவருகிறது. அங்குள்ள கலைச்சொற்களையும் நூல்களையும் நாம் கேட்டுப் பெறலாம். கீழூர் வாக்கெடுப்பு, காவிரித் தீர்ப்புகள், பிரெஞ்சிந்தியாவில் இந்தியர் தம் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க வழிசெய்த 1881ஆம் ஆண்டு ஆணை ஆகிய மூன்றும் முதல் ஆண்டுப் பாடத்திலேயே மூல ஆவணங்களாக இடம்பெற வேண்டும். பாடத்திட்டம் வகுக்கும் குழுவில் பாதிப் பேராவது காரைக்காலில் பணிபுரியும் ஆசிரியர்களாக இருக்க வேண்டும் என்றும், அதன் வரைவு தமிழில் அச்சிடப்பட்டு இறுதி முடிவுக்கு முன் பெற்றோர், மாணவர் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்றும் புதுச்சேரி அரசின் உயர்கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.