பழைய காரும் ஒரு நல்ல விதியும்

மோட்டார்ப் பந்தயம் பணக்காரரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அது முற்றிலும் பிழையுமல்ல. ஆனால், பின்லாந்திலும் சுவீடனிலும் சாதாரண தொழிலாளி ஒருவர் பழைய காரொன்றைத் திருத்தியமைத்துச் சரளைப் பாதையில் பந்தயம் ஓடுகிறார். அதனைச் சாத்தியமாக்கியது பெருநிறுவனங்களின் அனுசரணையல்ல, ஒரேயொரு விதிதான்.

சுவீடனில் 'ஃபோக்ரேஸ்' எனப்படும் இப்பந்தயத்தில் எல்லாக் கார்களுக்கும் ஒரே விலை. போட்டி முடிந்ததும் அவ்விலைக்கு எவரேனும் முறைப்படி கேட்டால், உரிமையாளர் விற்றேயாக வேண்டும். பலர் கேட்டால் சீட்டுக் குலுக்கப்படும். இயந்திரத்தில் பெருந்தொகையைக் கொட்டுபவர் அதனை அன்று மாலையே இன்னொருவருக்குத் தாரைவார்க்க நேரிடலாம்.

எனவே விவேகமுள்ளவர்கள் வேறோர் ஒழுங்கில் வேலை செய்கின்றனர். முதலில், கார் புரண்டாலும் கூரை நசுங்காதிருக்க உருக்குக் குழாய்க் கூண்டு. அடுத்து, உறுதியான இருக்கையும் பட்டிகளும். பின்னர், கற்கள் எண்ணெய்த் தொட்டியைப் பிளக்காதிருக்க அடித்தகடு. இயந்திர வலுவைக் கூட்டுவது கடைசியில்தான்.

இவ்விதி தொழினுட்பத் திறனை முடக்குகிறது என்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. பணத்தால் வாங்க முடியாததைக் கைவேலையால் ஈடுசெய்வதும் திறனே.

வீதியில் கார் ஓட்டப் பொதுவாக 18 வயதாக வேண்டிய அந்நாடுகளில், இக்களத்தில் 15 வயதிலேயே இறங்கலாம். இளைஞர் இரவில் பொதுவீதியில் போட்டியிட்டு உயிரிழக்கும் நாடுகள், தண்டப்பணத்தை உயர்த்துவதோடு நின்றுவிடாது, இத்தகைய மலிவான களங்களையும் திறக்க வேண்டும். தடையால் மட்டும் வேகத்தின் மீதான மோகம் அடங்குவதில்லை.