தொழில்: உப்பளம்

எங்கள் தெருக்கோடி ஆயா போன மாதம் காலமானார். எண்பதைத் தாண்டிய வயது. மரக்காணம் உப்பளத்தில் கூடை தூக்கத் தொடங்கியபோது தாவணி போடாத பெண்ணாக இருந்தாராம். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்வரை அந்த வேலையை விடவில்லை.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்தி மிதிக்கப் போவார். சேற்றைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கினால்தான் அடித்தரை நீரைக் குடிக்காது, உப்பில் மண் ஏறாது. அப்புறம் உப்புநீரைப் பாத்தி மாற்றிப் பாத்தியாக வெயிலில் காயவிடுவார்கள். கடல்நீரின் செறிவு போமே மானியில் மூன்று டிகிரி சொச்சம்; 25ஐ எட்டினால் உப்பு பூக்கும்; 29, 30க்கு மேல் விட்டால் மக்னீசியம் சேர்ந்து கசந்துபோகும். அதற்குள் நீரை வடித்துவிட வேண்டும். ஆயா விரலை நனைத்து நாக்கில் வைப்பார், நீரின் நிறத்தைப் பார்ப்பார். "இன்னிக்குத் தொடாத கண்ணு, நாளைக்கு விடியறதுக்குள்ள வாரிடலாம்" என்பார். கணக்குப்பிள்ளை அவரைக் கேட்ட பிறகுதான் மானியை எடுப்பார்.

காரியத்துக்கு முன்பே பேரன் இறப்புப் பதிவுப் படிவத்தை என்னிடம் கொண்டுவந்தான். "சரியா இருக்கா பாருங்க மாமா" என்றான். இறந்தவரின் தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தான். அவன் மேல் குற்றமில்லை. அவன் பார்த்ததெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயாவைத்தான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அடித்துவிட்டு 'உப்பளத் தொழிலாளி' என்று எழுதச் சொன்னேன்.

சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் எங்கள் மரக்காணம்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. இங்குள்ள பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் உப்பளங்கள் வருகின்றன. அளத்தைக் கல்லில் வெட்டி வைத்த ஊரில், அதில் ஆயுசைக் கழித்தவளுக்கு ஒரு வரி இல்லாமல் போவதை எப்படிப் பொறுப்பது?

வாருபலகையால் உப்பை இழுத்துச் சேர்ப்பது பெரும்பாலும் ஆண்கள். அந்த உப்பைக் கூடையில் அள்ளி, சும்மாட்டில் ஏற்றி, வழுக்கும் வரப்பில் நடந்து அம்பாரத்தில் கொட்டுவது பெண்கள். கூலியில் மட்டும் பெண்ணுக்கு ஒரு படி குறைவு. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைத் தின்னும். ஆயாவின் வலது கண்ணில் சதை வளர்ந்து பாதிப் பார்வையை மூடியிருந்தது. ஒதுங்க ஒரு மறைப்பு கிடையாது என்பதால் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்காமலே பழகிவிட்டார். தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை 352 தொழிலாளர்களைச் சென்னை ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பரிந்துரைக்கப்பட்ட அளவை மீறிய வெப்பத்தில் உழைத்தார்கள். நூற்றில் ஏழு பேருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தது. அந்தக் கணக்கைப் படித்தபோது, காலையில் ஒரு செம்பு நீராகாரத்தைக் குடித்துவிட்டு நண்பகல்வரை நாக்கு வறண்டு நின்ற ஆயாதான் கண்முன் வந்தார்.

மழை வந்தால் உலை ஏறாது. ஐப்பசி, கார்த்திகையில் அளம் முழுகிக் கிடக்கும், வட்டிக்கு வாங்கித்தான் சாப்பாடு. 2020 நவம்பரில் நிவர் புயல் எங்கள் பக்கம் கரையேறிய இரவு, வேலையை விட்டு எத்தனையோ வருடமாகியும் "பாத்தி என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2022இல்தான் மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் தரும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. நல்ல காரியம், ஆனால் ஆயா வேலை பார்த்த காலத்துக்கு எட்டவில்லை. இப்படி எந்த உதவி வந்தாலும், 'இவர் அளத்து ஆள்' என்று எங்கேயாவது ஒரு தாளில் எழுதியிருந்தால்தான் கைக்கு வரும். அந்தப் படிவத்தைத் திருத்தச் சொன்னதும் இதனால்தான்.

அவரோடு கூடை தூக்கிய கிழவிகள் இன்னும் தெருவில் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலை நுணுக்கத்தைக் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். பாத்தி மிதிப்பதைப் பற்றி எழுதியதைப் படித்துக் காட்டியதும் ஒருவர் சீறினார்: "நின்ன எடத்துலயே மிதிச்சா குழிதான் விழும். நெடுக்க ஒரு வாட்டி, குறுக்க ஒரு வாட்டி. அதை மொதல்ல எழுது."