பழைய பேட்டரி வண்டி: விலை வண்டிக்கா, பேட்டரிக்கா?



பொருளை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வாடிக்கையாளர் நிலைப்பார் என்ற காலம் வந்துவிட்டது. கைபேசியில் சொன்ன சில நிமிடங்களில் சரக்கை இறக்கும் பெரு நிறுவனங்கள், நகரங்களில் பேட்டைக்குப் பேட்டை குடோன் போட்டு நமது வாடிக்கையைக் கொத்திக்கொண்டு போகின்றன. இதைச் சமாளிக்க நம்மில் பலர் கடைக்கு ஒரு வண்டி தேடுகிறோம். பெட்ரோல் விலையை நினைத்ததும், "பழைய பேட்டரி வண்டி ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறது, வாங்கிப் போடலாமா?" என்ற யோசனை எழுகிறது.

வாங்கலாம். ஆனால் எதற்கு விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும் என்பதே நமது கருத்து.

பெட்ரோல் வண்டி பழசானால் எஞ்சின் தேயும், தேய்ந்தாலும் ஓடும். பேட்டரி வண்டி அப்படியல்ல. சட்டம், சக்கரம், மோட்டார் எல்லாம் திடமாக இருந்தாலும் பேட்டரி செத்துவிட்டால் அது தள்ளுவண்டிதான். பழைய பேட்டரி என்பது காலாவதித் தேதி அச்சிடாத சரக்கு. தேதி பார்க்காமல் நாம் பிஸ்கட் பெட்டி எடுப்பதுண்டா?

"வண்டி அதிகம் ஓடவில்லை ஐயா, மூவாயிரம் கிலோமீட்டர்தான்" என்று விற்பவர் சொன்னால் மகிழ வேண்டாம். மூட்டை பிரிக்காமல் மூலையில் கிடந்த பருப்பில் வண்டு வைப்பதைப் போல, ஓடாமல் நின்ற பேட்டரியும் கெடும். ஈய அமிலப் பேட்டரியைச் சார்ஜ் இல்லாமல் பல மாதம் போட்டு வைத்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து பிடிப்புச் சக்தி போய்விடும். லித்தியம் பேட்டரியும் முற்றிலும் வற்றிய நிலையில் நீண்ட நாள் கிடந்தால் பழுதாகும். ஆகவே மீட்டரைப் பார்ப்பதைவிடப் பேட்டரி தயாரான மாதத்தையும், வண்டி எத்தனை நாள் சும்மா நின்றது என்பதையும் கேட்பதே முக்கியம்.

இனி கணக்குக்கு வருவோம். 48 வோல்ட், 24 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பேட்டரி பூட்டிய வண்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு முறை முழுச் சார்ஜுக்குச் சேதாரம் உட்பட ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மின்சாரம். யூனிட் 10 ரூபாய் என்றால் 15 ரூபாய். சுமையோடு 35 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 43 காசுதான். இதோடு கணக்கை நிறுத்திவிட்டுத்தான் நம்மவர் ஏமாறுகிறார்கள்.

புதிய பேட்டரி செட் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது 300 முழுச் சார்ஜ் தாங்கினால் 10,500 கிலோமீட்டர். அந்தத் தேய்மானம் மட்டும் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 43 காசு. மின்சாரத்தையும் சேர்த்தால் 1 ரூபாய் 86 காசு. லிட்டர் 100 ரூபாய் பெட்ரோலில் 45 கிலோமீட்டர் கொடுக்கும் மொபெட்டுக்கு 2 ரூபாய் 22 காசு. மிச்சம் 36 காசு! தினம் 20 கிலோமீட்டர் ஓட்டினால் மாதம் 200 ரூபாய் சொச்சம். இந்த மிச்சத்தை நம்பி, ஓடிக்கொண்டிருக்கும் மொபெட்டை ஓரங்கட்டிவிட்டு 25,000 ரூபாயைப் பழைய வண்டியில் முடக்குவது வியாபாரம் ஆகாது. அந்த முதல் சரக்கில் சுழன்றால் இதைவிட நன்றாகச் சம்பாதிக்கும்.

லித்தியம் பேட்டரி பல மடங்கு அதிக நாள் உழைக்கும் என்பது உண்மை. ஆனால் புதிதாக மாற்றும்போது விலையும் அதற்கேற்ப ஏறும். தவிர, பல கம்பெனிகளின் பேட்டரி, சார்ஜர், கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்யப்பட்டவை. வேறு கம்பெனிச் சாமான் ஒட்டாது. அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நிலையம் நமது ஊரிலோ பக்கத்து ஊரிலோ இன்றும் திறந்திருக்கிறதா, அந்த மாடலுக்குப் பேட்டரி கிடைக்கிறதா என்று நேரில் போய்க் கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

விற்பவர் அன்று கொடுத்த விலையைச் சொல்லிப் பேரம் பேசுவார். அதைக் காதில் வாங்க வேண்டியதில்லை. மத்திய அரசின் மானியம் 2019 முதல் 2024 மார்ச் வரை ஒரு திட்டத்திலும், 2024 அக்டோபர் முதல் வேறொரு திட்டத்திலும் மாறி மாறி வந்ததால் பழைய விலைப்பட்டியல்கள் ஒப்பீட்டுக்கு உதவாது. புதிய வண்டி இன்று என்ன விலை என்பதே அளவுகோல். விற்பவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற டீலர் என்றால், 2025 ஜனவரி முதல் அவரது கொள்முதலுக்கும் விற்பனைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது 18 சதவீத வரி உண்டு. பதிவு பெறாத தனிநபரிடம் வாங்கினால் அது இல்லை.

அடுத்து, சட்டப்படி உள்ள பொறுப்பு. மோட்டார் சக்தி 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மிகாத வண்டிக்குப் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. இது வசதிதான். ஆனால் ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டிக்கு அசல் பில் ஒன்றே உரிமைச் சான்று. சேசிஸ் எண்ணும் மோட்டார் எண்ணும் பில்லோடு ஒத்துப்போகாத வண்டி திருட்டு வண்டியாகவும் இருக்கலாம். வேகப் பூட்டைக் கழற்றி 40, 45 கிலோமீட்டர் ஓடும்படி செய்த வண்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. அப்படிச் செய்ததுமே சலுகை போய்விட்டது. பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. அதில் நமது கடைப் பையன் யார் மீதாவது மோதினால் நட்டஈடு கேட்டு வருபவர்கள் நம் கல்லாவைத்தான் பார்ப்பார்கள். பதிவுள்ள வண்டியானால் பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்களும், கடன் பாக்கி தீர்ந்ததற்கு 35-ஆம் எண் படிவமும் கையெழுத்தாகி வர வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இதில் உண்டு. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த பேட்டரி வண்டி தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. அவ்வாண்டு நாட்டின் பல இடங்களில் நடந்த தீ விபத்துகளுக்குப் பின் பதிவுள்ள வண்டிகளின் பேட்டரிச் சோதனை விதிகளை மத்திய அரசு கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரு கட்டங்களில் அமலுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் தயாரான லித்தியம் பேட்டரி என்றால் நமக்கு இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். எண்ணெய் டின்னும் சாக்கும் அட்டைப்பெட்டியும் நிறைந்த கடைக்குள் இரவில் சார்ஜ் போட்டு ஷட்டரை இழுத்து விட்டுப் போகவே கூடாது. சார்ஜ் போட வெளியில் காற்றோட்டமான இடம் இல்லாத கடைக்குப் பேட்டரி வண்டி வேண்டாம்.

இத்தனையும் சரியென்றால் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். முழுச் சார்ஜ் ஏற்றச் சொல்லி, 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றை ஏற்றி, நாம் வழக்கமாகச் சரக்குக் கொடுக்கும் தெருக்களில், பாலமும் ஏற்றமும் உட்பட, சார்ஜ் இறங்கும் வரை ஓட்டுங்கள். காலி வண்டி பத்து நிமிடம் ஓடியது சோதனை ஆகாது. ஈய அமிலப் பேட்டரியானால் மெக்கானிக்கை வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே வோல்ட் மீட்டரில் பாருங்கள். நான்கில் ஒன்று சோடை போனாலும் மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டு போகும். உப்பிய பேட்டரி, பச்சை பூத்த இணைப்பு, கைவைக்க முடியாமல் சுடும் சார்ஜர் ஆகியவை கண்ணில் பட்டால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது ஒரே விதி: பேட்டரியின் மதிப்பு சூன்யம் என்று வைத்துப் பேசுங்கள். வண்டியின் உடலுக்கு ஒரு விலை, அதோடு புதிய பேட்டரியின் இன்றைய விலை, இரண்டையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை புதிய வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் உத்தரவாதத்தோடு புதிய வண்டி வாங்குவதே மேல். பாதிக்குள் அடங்கினால், கடைக்கு வண்டியே இல்லாதவர்களும், மூன்று நான்கு கிலோமீட்டர் சுற்றளவில் மட்டும் சரக்குக் கொடுப்பவர்களும் தாராளமாக வாங்கலாம். பழைய பேட்டரி சில மாதம் உழைத்தால் அது கொசுறு. உழைக்காவிட்டாலும் நட்டமில்லை, ஏனெனில் அதற்கு நாம் காசு கொடுக்கவில்லை.

நம்பகமான மெக்கானிக் ஒருவரையும் ஒரு வோல்ட் மீட்டரையும் கிளைச் சங்கங்கள் ஏற்பாடு செய்து வைத்தால், வண்டி வாங்கும் உறுப்பினர் தனியே போய்த் திண்டாட வேண்டியதில்லை. ஒரு மூட்டை மிளகாய் வாங்கும்போது காம்பைக் கிள்ளி, முகர்ந்து, கையில் நொறுக்கிப் பார்ப்பவர்கள் நாம். வண்டி வாங்கும்போதும் அந்தக் கையும் மூக்கும் வேலை செய்யட்டும்.