கரைமணலும் கடைசற் பட்டறையும்

குமரிக் கடலோரம் மணவாளக்குறிச்சியில் கிடக்கும் கருமணலில் இல்மனைட்டு என்னும் கனிமம் உள்ளது. தைட்டானியம் என்னும் மாழைக்கு அதுவே மூலம். 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஓடைக் கருமணலை ஆய்ந்த வில்லியம் கிரிகோர் இம்மாழையை முதன்முதல் இனங்கண்டார். 1795இல் செருமானியர் கிளாப்ரோத்து அதற்கு இப்பெயரிட்டார்.

இதற்கும் திருப்பூர்ப் பின்னலாடைக்கும் என்ன தொடர்பென வினவலாம். பருத்திக்குச் சாயமேற்ற உப்பு மிகுதியாக வேண்டும். அவ்வுப்புக் கழிவு நொய்யலைக் கெடுத்தமையால், 2011 சனவரி 28இல் சென்னை உயர்முறைமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை வெளியே விடாத நெறியில், எஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் பிரித்தாக வேண்டும். சூடான உப்புநீரோ துருவா எஃகையும் புள்ளிபுள்ளியாகத் துளைக்கும். தைட்டானியம் அதனைத் தாங்கும். தன்மேல் தானே போர்த்துக்கொள்ளும் மென்படலம் கீறுபட்டாலும் உடனே மீளப் படரும். எடையோ எஃகில் ஏறத்தாழ 57 விழுக்காடே. ஆயினும் இது எதற்கும் அழியாதது என எண்ணற்க. துணி வெளுக்கும் சூடான காரப் பெராக்சைடு நீர்மம் இதனையும் அரிக்கும். இடமறிந்து பயன்கொள்வதே அறிவு.

கடைசலிலும் இதன் இயல்பு தனி. இது வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆதலால் சூடு சீவலோடு போகாமல் உளிமுனையிலேயே தங்கி அதனைத் தின்னும். விறைப்பு எஃகிற் பாதியே. மெல்லிய தண்டு உளிக்கு விலகிப் பின் மீளும். எனவே சுழற்சி விரைவைக் குறைத்திடுக. உளியைக் கூராக வைத்திடுக. வெட்டு நடுவே உளியை நிறுத்தித் தேய்க்காது சீராகச் செலுத்துக. குளிர்நீர்மத்தைத் தாராளமாகப் பாய்ச்சுக. நுண்சீவல் தீப்பற்றினால் நீரூற்றற்க, உலர்மணலால் மூடுக.

இவ்வைந்தாறு வரிகள் தமிழில் எத்தனைப் பட்டறைச் சுவரில் தொங்குகின்றன? கையேடுகள் ஆங்கிலத்தில் உறங்க, கோவையிலும் திருப்பூரிலும் பொறிமுன் நிற்கும் தமிழ்த் தொழிலாளி, விலைமிக்க மாழையைப் பாழாக்கியா பாடங் கற்க வேண்டும்? தமிழில் சொல்லில்லை என்பார் பட்டறைக்குள் நுழைந்தறியாதவர். உளி, சீவல், கடைசல், துளை, மரை என அவன் நாவில் தமிழ் புழங்குகிறது. நூலோர்தாம் அதற்குச் செவிகொடுத்திலர்.

அண்டைக் கேரளத்தின் சவறாவில் 2011இல் தைட்டானியப் பஞ்சு ஆலை எழுந்தது. ஆண்டுக்கு 500 தொன் ஆக்கும் திறனுடையது. மணல் நம் கரையில் உண்டு, தேவை நம் ஊரில் உண்டு, கைத்திறனும் உண்டு. இடையே நிற்பது மொழித்தடை ஒன்றே. கொங்குநாட்டுப் பொறியியற் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் மாழைக்கொரு சிறுநூலாகத் தமிழில் எழுதி, பட்டறைதோறும் கொண்டுசேர்த்தல் வேண்டும். தமிழில் பொறியியல் இயலுமா என்னும் வினாவுக்கு மேடையில் விடை தேடியது போதும். இனிப் பட்டறையில் விடை காண்போம்.