பட்டம் விட்டவர்கள்

2024 பிப்ரவரியில், பஞ்சாப்-ஹரியானா எல்லையான ஷம்புவில், தில்லிக்குப் புறப்பட்ட விவசாயிகள்மீது ஹரியானா காவல்துறை ட்ரோன்களிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது. நூலில் அவற்றைச் சிக்கவைக்க விவசாயிகள் பட்டம் விட்டார்கள். நாம் அந்தப் பட்டங்களை ரசித்துவிட்டு நகர்ந்துவிட்டோம்.

2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், கல்யாண வீட்டில் படமெடுப்பவரையும் தம் ட்ரோனுக்குப் பதிவெண் வாங்கச் சொல்கின்றன. கூட்டத்தின்மேல் குண்டெறிய உத்தரவிட்டவர் யார், எடுத்த படங்கள் எங்கே போயின என்பதை மக்கள்முன் வைக்கும்படி காவல்துறையை அவை கேட்பதில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசிடமே கொடுத்திருக்கிறது. வேலிக்குக் காவல் யார்?

தடியேந்தி வருபவரின் சட்டையில் பெயராவது இருக்கும். ட்ரோனுக்கு அதுவும் இல்லை. ஒவ்வொரு பறத்தலின் கணக்கும் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்கிறோம். அதுவரை, நூலைப் பிடித்து நின்றவர்கள்தாம் நமக்கிருந்த ஒரே கண்காணிப்புக் குழு.