பீட்சா கடைக்கு சட்டம் இருக்கு, கல்லூரி விடுதிக்கு?



10 இடங்களுக்கு மேல கிளை வெச்சிருக்கிற பீட்சா கடைக்குள்ள போய்ப் பாருங்க. விலைப் பட்டியலில் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் எத்தனை கலோரின்னு போட்டிருக்கணும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி அது.

இப்போ உங்க ஊர் அரசுக் கல்லூரி விடுதிக்கு வாங்க. 'திங்கள்: இட்லி, சாம்பார்'னு ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதுல புரதம் எவ்வளவு, இரும்புச்சத்து எவ்வளவு? கேட்டா பதில் சொல்ல ஒரு ஆள் உண்டா?

'ஹாஸ்டல் சாப்பாடுன்னா அப்படித்தான்'னு சிரிச்சிட்டுப் போறவங்க இந்தக் கணக்கைப் பாருங்க. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்வது இது. பெண்களுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேணும்னு ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைக்குது. வகுப்புல தூங்கி விழுற பொண்ணை சோம்பேறின்னு திட்டுறோமே, அவளோட ஹீமோகுளோபின் அளவை யாராவது பார்த்தோமா?

பசிச்ச வயித்தோட படிப்பு ஏறாதுன்னு நாட்டுக்கே காட்டிய மண் இது. பள்ளியில முட்டை உண்டு, கொண்டைக்கடலை உண்டு, வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. அதே பிள்ளை கல்லூரி வாசலை மிதிச்சதும் அரசோட அக்கறை அங்கேயே நின்னுபோகுது. அரசு விடுதியில் கல்லூரி மாணவருக்கான உணவுப்படி 2023-ல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. நாளுக்கு 50 ரூபாய். உங்க ஊர்ல ஒரு வேளைச் சாப்பாடு என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும்.

அந்த 50 ரூபாய்க்குள்ள எதை வாங்கினா சத்து கிடைக்கும்னு சொல்லத்தான் ஊட்டச்சத்து நிபுணர் வேணும். சாப்பிட்ட உடனே டீ குடிச்சா இரும்புச்சத்து உடம்புல சரியா சேராது. எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்தா நல்லா சேரும். இதைச் சொல்ல எத்தனை கோடி வேணும்? இன்சுலின் போட்டுக்கிட்டு விடுதியில தங்கிப் படிக்கிற பிள்ளை எவ்வளவு சோறு சாப்பிடலாம்னு யார்கிட்ட கேட்கும்? ஆலோசனை சொல்ல ஆள் இல்லாத இடத்துலதான் புரோட்டீன் பவுடர் விற்கிறவனும், ரீல்ஸ்ல 'பத்தே நாள்ல இளைக்கலாம்'னு பேசுறவனும் டாக்டர் ஆயிடுறான்.

கல்லூரி வளாகத்துல ஜங்க் ஃபுட் கூடாதுன்னு யு.ஜி.சி. 2016-லயே சுற்றறிக்கை விட்டது. கேண்டீன்ல பஃப்ஸும் கூல்டிரிங்ஸும் போயிடுச்சா? தாள்ல போட்ட உத்தரவு தட்டுக்கு வராது. பொறுப்பான ஆளைப் போட்டாத்தான் வரும்.

'நிபுணருக்கு எங்க போறது?'ன்னு கேட்பாங்க. சென்னை ராணி மேரி கல்லூரியில மனையியல் துறை இருக்கு. கோவை அவினாசிலிங்கத்துல ஊட்டச்சத்து படிப்பு இருக்கு. படிச்சு முடிச்சு வேலை தேடுற பெண்கள் ஊருக்கு ஊர் இருக்காங்க. ஆளுக்குப் பஞ்சமில்ல, மனசுக்குத்தான் பஞ்சம்.

நாம கேட்கிறது நாலே நாலு:

1. விடுதியிலும் கேண்டீனிலும் அன்றைய உணவின் சத்து அளவு தமிழில் எழுதிய பலகை.
2. வாரம் ஒரு நாளாவது ஒவ்வொரு கல்லூரிக்கும் ஊட்டச்சத்து நிபுணர்.
3. சேரும்போதும் ஆண்டுக்கு ஒருமுறையும் இலவச ரத்தப் பரிசோதனை.
4. விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் உயரும் உணவுப்படி. மாணவர்கள் இடம்பெறும் உணவுக்குழு.

மாணவத் தோழர்களே, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்துல உங்க அரசுக் கல்லூரியில கேளுங்க: விடுதியின் வாராந்திர உணவுப் பட்டியலை முடிவு செய்தது யார்? ஊட்டச்சத்து நிபுணர் எப்போது வந்தார்? கடைசி ரத்தப் பரிசோதனை எந்தத் தேதியில்? பதில் வந்தா கமெண்ட்ல போடுங்க. வராட்டியும் போடுங்க, அதுவும் ஒரு பதில்தான்.

பெற்றோர்களே, பிள்ளைக்கு போன் பண்ணும்போது 'சாப்டியா?'ன்னு கேட்கிறோம். 'என்ன சாப்பிட்ட?'ன்னும் கேளுங்க. அதே கேள்வியை அரசுகிட்டயும் கேட்போம்.

பகிருங்கள்.

#தட்டுலஎன்னஇருக்கு #கல்லூரிக்கொருஊட்டச்சத்துநிபுணர்