குதிரையில வந்தது யாருன்னு மட்டும் கேட்டா போதுமா?

இந்த செமஸ்டர் லீவுக்கு அப்புறம் ஹாஸ்டல்ல திடீர்னு எல்லார் வாயிலயும் 'விடாது கருப்பு'. நம்ம யாரும் பிறக்காத காலத்து சீரியல். 90களின் பிற்பகுதியில சன் டிவியில வாரம் ஒரு தடவை வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'விட்டு விடு கருப்பா' நாவல்தான் மூலம், இயக்கம் நாகா. இப்ப யூடியூப்ல கிடைக்குது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு லைட்டை அணைச்சிட்டு, ஒரே லேப்டாப் முன்னாடி எட்டு பேர் உட்கார்ந்து பார்க்கிற அளவுக்கு அதுக்கு இன்னும் உயிர் இருக்கு.

இதுக்கு மேல கதையோட முடிச்சை உடைக்கப் போறேன். கால் நூற்றாண்டு தாண்டிடுச்சு மக்களே, ஸ்பாய்லர்னு என்னைத் திட்டாதீங்க.

தோட்டக்காரமங்கலம்னு ஒரு கிராமம். தப்பு செஞ்சவங்க ஒவ்வொருத்தரா சாகிறாங்க. குதிரையில கருப்பு சாமியே வந்து தண்டிக்குதுன்னு ஊரே நம்புது. கடைசியில பார்த்தா, வந்தது சாமி இல்ல, ராஜேந்திரன். அவனுக்குள்ளயே இன்னொரு ஆள் இருக்கான், அது அவனுக்கே தெரியாது. சின்ன வயசுல மனசுல விழுந்த அடி பெரியவனானதும் வேற முகத்தோட வெளியே வருது.

இதைப் பார்த்தவங்க பேசுறதைக் கேட்டா எனக்கு ஒரு விஷயம் உறுத்துது. எங்க அம்மா தலைமுறைக்கு ஞாபகம் இருக்கிறது குதிரைக் குளம்புச் சத்தம்தான். சீரியல் முடிஞ்சதும் கொல்லைப்பக்கம் போகவே பயப்படுவாங்களாம். முடிவைப் பத்திக் கேட்டா, "டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், அவன் மேல வந்தது கருப்புதான்"னு இன்னைக்கும் சொல்றாங்க. நம்ம பசங்க வேற மாதிரி. "அவ்ளோ பில்டப் குடுத்துட்டு கடைசியில சைக்காலஜி கிளாஸ் எடுத்துட்டாங்க ப்ரோ, சப்புன்னு ஆயிடுச்சு"ங்கிறாங்க. இன்னும் சிலர், இது மூடநம்பிக்கையை வளர்க்கிற சீரியல்னு பாதியிலயே எழுந்து போயிட்டாங்க. அவங்க இன்னும் ரெண்டு எபிசோட் பொறுத்திருக்கலாம்.

எல்லாரும் பேசுறது சாமியா நோயாங்கிறதைத்தான். ராஜேந்திரனைப் பத்தி யாரும் பேசல.

ஒருத்தன் மனசு இன்னொருத்தர் கைக்குப் போறதுங்கிறது தமிழ் ரசிகனுக்கு எப்பவும் பிடிச்ச சமாச்சாரம். 2011 தீபாவளிக்கு '7ஆம் அறிவு' வந்தப்ப நாமெல்லாம் ஒண்ணாங்கிளாஸோ ரெண்டாங்கிளாஸோ. டாங் லீ முறைச்சுப் பார்ப்பான், பார்த்தவன் அவன் சொல்றதைச் செய்வான். மறுநாள் ஸ்கூல்ல பாதிப் பேர் கண்ணை உருட்டிக்கிட்டு நோக்கு வர்மம் போட்டோம், கணக்கு டீச்சர்கிட்ட மட்டும் அது வேலை செய்யல.

உண்மையில அப்படி யாராலயும் முடியாது. இதை 1784லயே பாரீஸ்ல சோதிச்சுப் பார்த்துட்டாங்க. மெஸ்மர்ங்கிற டாக்டர் உடம்புல ஓடுற ஏதோ காந்த சக்தியை வச்சு நோயைக் குணமாக்குறேன்னு சொல்லி நகரத்தையே கலக்கிக்கிட்டு இருந்தார். அரசர் பதினாறாம் லூயி ஒரு குழு போட்டார். அதுல பெஞ்சமின் ஃப்ராங்க்ளின், வேதியியல் புத்தகத்துல நாம படிக்கிற லவாசியே எல்லாம் இருந்தாங்க. அவங்க செஞ்சது ரொம்ப சிம்பிள். கண்ணைக் கட்டிவிட்டாங்க. 'இப்ப காந்தம் செலுத்துறோம்'னு சும்மா சொன்னாலே ஆளுக்கு வலிப்பு மாதிரி வந்தது. சொல்லாம நிஜமாவே செலுத்தினா ஒண்ணும் ஆகல. ஒரு பையனைத் தோட்டத்துல விட்டா, காந்தம் ஏத்தாத மரத்துக்கிட்டயே மயங்கி விழுந்தான். அவனை விழ வச்சது அவனோட எதிர்பார்ப்புதான். இன்னைக்கு டாக்டர்கள் செய்யற ஹிப்னாடிசத்துலயும் படுத்திருக்கிறவர் ஒத்துழைச்சாத்தான் வேலை நடக்கும்.

அதனாலதான் நோக்கு வர்மத்தைவிட 'விடாது கருப்பு' எனக்குப் பெரிசாத் தெரியுது. வெளியில இருந்து வில்லன் யாரும் வர்றதில்ல. ஆட்டுறவனும் ஆடுறவனும் ஒரே ஆள்.

நம்ம ஊருக்காரங்களுக்கு இந்தக் கதை கூடுதலாப் புரியணும். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டுறதைப் பார்க்காத விருத்தாசலத்துக்காரங்க இருக்க முடியாது. குறையைப் பேப்பர்ல எழுதி, சாமி முன்னாடி வச்சு, முனியப்பர்கிட்ட கொண்டுபோய்க் கட்டணும். உங்க ஊர் எவ்வளவு தூரமோ அதுக்கு ஏத்த மாதிரி படிப்பணம் வேற. காரியம் முடிஞ்சா பிராதை வாபஸும் வாங்கணும், கோர்ட்டு மாதிரியே. நான் இதை நம்புறேனா இல்லையாங்கிறது இங்க விஷயம் இல்ல. இதுல ஒரு நிதானம் இருக்கு. கோபத்துல இருக்கிறவன் உட்கார்ந்து எழுதுறான், அப்புறம் காத்திருக்கான். ராஜேந்திரனுக்குப் பிராது எழுத ஒரு இடம் கிடைக்கல. சின்னப் பையன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கப் பெரியவங்க யாரும் இல்ல. செராமிக் படிக்கிற பசங்களுக்குத் தெரியும்: காயவைக்கும்போது தப்பு நடந்தா கண்ணுக்குத் தெரியாது, சூளைக்குப் போன பிறகுதான் விரிசல் விடும். நாம சூளையைத் திட்டுவோம்.

சீரியல் மேல எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. இன்னொரு ஆளுமை உள்ளவன்னாலே கொலைகாரன்ங்கிற படத்தை அதுவும் மனசுல பதிய வச்சிடுது. 2005ல 'அந்நியன்' வந்து அதை இன்னும் அழுத்தமாப் பதிய வச்சது. நிஜத்துல மனநோய் உள்ளவங்க அடுத்தவங்களை அடிக்கிறதைவிட அடிபடுறதுதான் அதிகம்னு மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்றாங்க. அதோட, ஒரு உடம்புக்குள்ள பல ஆளுமைங்கிற பிரச்சனை வேற, ஸ்கிசோஃப்ரினியா வேற. பின்னதுக்குத் தமிழ்ல மனச்சிதைவுன்னு பேர் வச்சதால ரெண்டையும் ஒண்ணுன்னே பலர் நினைச்சுக்கிறாங்க.

'அவன் மேல வந்தது கருப்புதான்'னு அம்மா சொல்றதைக் கேட்டுச் சிரிச்சிட்டுப் போயிடலாம். ஆனா 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடியில நடந்ததைப் படிச்ச பிறகு என்னால சிரிக்க முடியல. பேய் பிடிச்சிருக்கு, தர்காவுல விட்டா சரியாகிடும்னு குடும்பங்கள் கொண்டுவந்து விட்டவங்க அங்க ஒரு காப்பகத்துல இருந்தாங்க. கொட்டகையில சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருந்தாங்க. விடியற நேரத்துல தீப்பிடிச்சது. 28 பேர் தப்பிச்சு ஓட முடியாம செத்தாங்க. 'விடாது கருப்பு' முடிஞ்சு சில வருஷம்தான் ஆகியிருந்தது. டாக்டர் சொன்ன விளக்கத்தை நாடே டிவியில கேட்டுட்டு, 'இருந்தாலும்...'னு இழுத்த காலம் அது. மனநோயாளியை எந்த விதத்துலயும் சங்கிலியால கட்டக் கூடாதுன்னு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாவே சொல்லுது. சட்டத்துல எழுதியாச்சு, வீடுகளுக்குள்ள இன்னும் முழுசாப் போய்ச் சேரல.

ஹாஸ்டலுக்குள்ளயும்தான். போன வருஷம் எங்க விங்ல ஒருத்தன் தூங்கறதையே விட்டுட்டான். ராத்திரி முழுக்க வராண்டாவுல நடப்பான், தனக்குத் தானே பேசுவான். பசங்க வச்ச பேர் 'அந்நியன் மோட்'. வீட்டுல வந்து கூட்டிட்டுப் போய் முதல்ல தாயத்து கட்டினாங்க. டாக்டர்கிட்ட போக மாசக்கணக்கு ஆச்சு. மாத்திரை எடுத்துக்கிட்டு இப்ப நல்லா இருக்கான், அரியர் எழுதுறான். ஆனா பட்டப்பேர் மட்டும் போகல, இந்த சீசனுக்கு ஏத்த மாதிரி 'கருப்பு'ன்னு மாறியிருக்கு. கடைசி எபிசோட் பார்த்த அன்னைக்கு அவனும் எங்க கூட இருந்தான். எல்லாரும் க்ளைமாக்ஸ் எப்படின்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தப்ப அவன் மட்டும், "இனிமே அந்த ஊர்ல அவனை யாராவது மனுஷனாப் பார்ப்பாங்களாடா?"ன்னு கேட்டான். யாரும் பதில் சொல்லல. ஒருத்தன் எழுந்து போய் லைட்டைப் போட்டான்.

பட்டப்பேர் வைக்கிறதை நிறுத்துங்கன்னு இங்க எழுதினா நிறுத்திடுவீங்களா, தெரியல. பக்கத்து ரூம்ல ஒருத்தன் தூங்காம, சாப்பிடாம, ஆளே மாறிக்கிட்டு இருந்தா 14416க்கு போன் போடுங்க. டெலி மானஸ், 24 மணி நேரமும் இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். அவனுக்காக நீங்களும் கூப்பிட்டுக் கேட்கலாம். மெஸ் நோட்டீஸ் போர்டுல பிரியாணி டோக்கன் பக்கத்துல இந்த நம்பரை ஒட்டச் சொல்லி வார்டன்கிட்ட கேட்டிருக்கோம்.